வெள்ளை அடித்த பின்சுவர்

இங்கிலாந்தில் எங்கள் எசெக்ஸ் கழிமுகத்துப் பலகை வீடுகளில் தெருவைப் பார்த்த சுவருக்குத்தான் வெள்ளைப் பெயிண்ட். மற்ற மூன்றுக்கும் படகுக்குப் பூசும் கறுப்புத் தார். ஊர் பார்க்கிற பக்கத்துக்குத்தானே மனிதன் காசை இறைப்பான். பக்கத்து வீட்டு தர்சா மட்டும் தலைகீழாகச் செய்தாள். தெருப்பக்கம் தார், ஆற்றைப் பார்த்த பின்சுவருக்கு வெள்ளை. "வீட்டுக்கு முகத்தை முதுகுல வச்சவ" என்று ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை.

அவள் கணவன் ஏபல் தனியாகப் படகில் போய்ச் சிப்பி அள்ளுகிறவன். அவனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தெரிந்தால் முதலாளி படகைப் பிடுங்கிக்கொள்வார் என்று என்னைத் தவிர யாரிடமும் தர்சா சொல்லவில்லை. வீடு திரும்புகிறவனுக்கு அடையாளமாகத்தான் அந்த வெள்ளை. வசந்தம் வந்தால் ஏணியில் ஏறி அவளே பூசுவாள். பளிச்சென்று தெரிகிறது என்பான் அவன்.

அந்தச் சுவரில் ஒரு பலகை ஆணி கழன்று, காற்றடித்தால் டப் டப்பென்று அடித்துக்கொள்ளும். மழையில் கரைந்த மண்சுவரைக் காப்பாற்ற ஏபலின் தாத்தா ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் அடித்த பலகைகளில் ஒன்று அது. நானே அடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஏபல் இரண்டு வருடம் ஓட்டினான். அக்டோபரில் ஒருநாள் தர்சாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் கிளம்பியதும் சுத்தியலை எடுத்து அவளே ஆணி அடித்துவிட்டாள்.

சாயங்காலம் அவளும் நானும் வேலியோரம் நின்றோம். காற்று பலமாக இருந்தது. இருட்டவில்லை, பனியும் இல்லை. ஆனால் ஏபலின் படகு, எங்கள் வீடுகளுக்குத் திரும்பும் ஓடைவாயைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து மறுபடியும் தாண்டியது. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது; சேற்றில் சிக்கினால் ராத்திரி முழுக்க அங்கேதான். கத்திப் பார்த்தோம், காற்றிரைச்சலில் குரல் கரைந்துபோனது. வெள்ளைச் சுவரோ அவனுக்கு நேர் எதிரே நின்றது.

காலையில் ஆணி அடித்த பலகையைத் தர்சா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய்க் கடப்பாரையால் அதை நெம்பி, இரண்டு கையாலும் டப் டப்பென்று சுவரோடு சேர்த்து அடித்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. படகு மெல்லச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

கரையேறியவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எத்தனை நாளா வெள்ளை தெரியல?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப ஏன் பளிச்சுனு தெரியுதுன்னு சொன்ன?"

"ஏணியில நின்னு பூசுறப்ப நீ பாடுவியே. அதை விட்டுடுவியோன்னுதான்."

படகு அந்த வாரமே கைமாறிப் போனது. வசந்தத்தில் தர்சா மறுபடியும் ஏணி ஏறினாள். கீழே ஏபல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பாடினாள்.