பத்துப் பிள்ளைகளும் ஒரு அண்டா மோரும்

தீயணைப்பும் அவசர உதவியும் சொல்லிக்குடுக்கற டீச்சர் வேலைன்னா, எதுவும் நடக்கக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே, நடந்தா என்ன பண்றதுன்னு தெனம் பாடம் எடுக்கறதுங்க. செய்முறை வகுப்பு எடுத்து அவதிப்படற டீச்சருங்க உங்களுக்கு நான் சொல்லியா தெரியோணும்? சேலத்துல எட்டு வருசம் ஆம்புலன்ஸ்ல ஓடிட்டு, ஏற்காட்டுல ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தவ நான். ப்ளஸ் ஒன்ல இது புதுப் பிரிவு.

பத்தாவது ஆள்

பத்துப் பேர் இருந்தாத்தான் வகுப்பு, ஒண்ணு கொறஞ்சாலும் மூடிருவோம்னு ஹெட்மாஸ்டர் மொத நாளே சொல்லிட்டாரு. கிளியூரு, மஞ்சக்குட்டைன்னு மலையூருங்கள்ல ஊடு ஊடா ஏறி எறங்கி ஒம்போது பேரச் சேத்தேன். பத்தாவதா வந்தவ வெள்ளக்கடைங்கற ஊருலருந்து ஸ்டெல்லா. அம்மா கையெழுத்தோட, அப்பாவுக்குத் தெரியாம சேந்துட்டா.

அவங்கப்பா காப்பி எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர். விசயம் தெரிஞ்சதும் வந்து, கம்ப்யூட்டர் குரூப்புக்கு மாத்துங்கன்னாரு. அங்க எடமில்லன்னா டிசி குடுங்கன்னாரு. எனக்குக் கோவம் மூக்கு மேல வரும். அன்னைக்கு முழுங்கிக்கிட்டு, காலாண்டு வரைக்கும் பொறுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். வாசல் வரைக்கும் போனவரு திரும்பி நின்னாரு. "காலாண்டு முடிஞ்சா வருவேனுங்க டீச்சர். அதுவரைக்கும் எம்புள்ள மேல ஒரு கீறல் படக் கூடாதுங்க."

நனைஞ்ச வெறகு

தீய அணைக்கறதுக்கு மொதல்ல தீ வேணுமில்லீங்களா? ஆடி மாசம், மழை, எதுத்தாப்புல நிக்கற ஆளு தெரியாத மூடுபனி. பத்துப் பேரும் தீயணைப்பானச் சுத்தி நிக்கறாங்க. ரெண்டு தீப்பெட்டி காலி, என்னோட மானமும் பாதி காலி. வெறகு புகையறதோட சரி.

சத்துணவு சமைக்கற லட்சுமியக்கா பாத்துக்கிட்டே இருந்துட்டு, கொஞ்சம் தேங்கா நாரோட வந்தாங்க. கீழ குனிஞ்சு நாலு ஊது ஊதுனாங்க, ஒரே குச்சியில கபகபன்னு புடிச்சிருச்சு. "அக்கா, தள்ளிக்குங்க! பசங்களா, அணைங்க!"ன்னு நான் கத்துனதும் பசங்க அணைச்சுட்டாங்க. அக்காவுக்கு மொகம் செவந்து போச்சு. "ஏனுங்க டீச்சர், அணைக்கறதுக்குன்னா எதுக்குங்க இத்தன பாடுபட்டுப் பத்த வெக்கறீங்க?"

யார் படுக்கறது?

ஸ்ட்ரெச்சர்ல படுக்க ஒரு புள்ளையும் வரல. உசுரோட இருக்கறப்ப நாலு பேரு தூக்கப் படுக்கறது ஆகாதாம். சரி போங்கடான்னு நானே படுத்தேன். போர்வை போத்தி, பெல்ட் மாட்டி, மயங்குன ஆளு பேசக் கூடாதுன்னு எனக்கே பாடம் சொல்லி, மைதானத்துலருந்து ரோட்டோரமா தூக்கிட்டு வந்தாங்க. நடையில ஒரு குலுக்கல் இல்ல, நானும் சுகமாக் கண்ண மூடிக்கிட்டேன்.

மஞ்சக்குட்டை ஜீப்பு ஒண்ணு நின்னுச்சு. உள்ள இருந்த பேச்சுச் சத்தம் பொசுக்குன்னு அடங்கிப் போச்சு. ஒருத்தர் எறங்கி, தலத்துண்ட அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஸ்டெல்லாகிட்ட மெதுவாக் கேட்டாரு. "நல்ல டீச்சராச்சே சாமி... எத்தன மணிக்கு எடுக்கறாங்க, கண்ணு?"

மோர் அண்டா

காலாண்டு லீவுல ஸ்டெல்லாவோட சித்தப்பாவுக்கு வெள்ளக்கடையில கல்யாணம். வகுப்பையே கூப்புட்டிருந்தா. நான் எலை முன்னால ஒக்காந்துட்டேன். அப்பத்தான் சமையப் பந்தல்ல கேஸ் டியூப் பத்திக்கிச்சு.

ஆம்புலன்ஸ்ல எத்தனையோ பாத்தவதான் நான். ஆனா எம்புள்ளைங்க தீயப் பாத்துப் போனதும் எலையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தபடியே பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரு சனத்த வெளிய தள்ளுனாங்க. ஒருத்தன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான். ஸ்டெல்லா ஒரு காப்பிச் சாக்கத் தூக்கிக்கிட்டுத் தண்ணி டிரம்முக்கு ஓடுனா. டிரம் காலி. பக்கத்துல மோர் அண்டா இருந்துச்சு, சாக்க அதுல முக்குனா. ரைட்டரு புள்ளையப் புடிச்சு இழுக்க ஓடியாந்தாரு. "அப்பா! பின்னால போங்க!"ன்னு ஒரே அதட்டு. மனுசன் அப்படியே பின்னால போயி மரத்தோரம் நின்னுட்டாரு. அவ சாக்கப் போட்டு மூடி, சிலிண்டர் வால்வத் திருகிட்டா. அணைஞ்சிருச்சு.

ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் இல்லீங்க. நான் எலை முன்னாலயே ஒக்காந்து அழுதேன், சொல்றதுக்கென்ன வெக்கம். சமையக்காரரு மட்டும் அண்டாவையே பாத்துக்கிட்டு நின்னாரு. "தீ போச்சு, சந்தோசமுங்க. முந்நூறு பேத்துக்கு மோருக்கு நான் எங்கீங்க போவேன்?"

டிசி

மிச்ச லீவு பூராவும் எனக்குத் தூக்கமில்ல. கீறல் படக் கூடாதுன்ன மனுசன் கண்ணு முன்னாலயே அவரு புள்ள தீயில கை வச்சிருக்கா. இதுக்கு மேல விடுவாரா? வகுப்பு போச்சு, பாக்கி ஒம்போது புள்ளைங்க எங்க போகும்?

பள்ளி தொறந்த அன்னைக்கு மணி அடிக்கறதுக்கு முன்னாலயே ரைட்டரு வந்து நின்னாரு. பேச்சு வளக்க வேண்டாம்னு நானே, "டிசிக்கு எழுதிக் குடுங்க"ன்னேன். அவரு எழுதல. பேனாவ எடுத்தாரு, மறுபடியும் சட்டப் பையிலயே வச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா வாயி சிரிச்சுச்சு. "வேண்டாமுங்க டீச்சர். அன்னைலருந்து ஊட்டுல கேஸ மூடு, ஸ்விட்ச அணைன்னு ஒரே அதட்டுங்க. கம்ப்யூட்டர் குரூப்புக்குப் போனா இவ அங்க யாரைங்க அதட்டுவா, அத்தனையும் ஊட்டுக்குத்தான வரும்? பகல் பூரா இங்கயே அதட்டட்டுமுங்க."

இந்த வேலையில பாராட்டெல்லாம் புகார் வேசத்துலதான் வரும், வந்தா வாய மூடிக்கிட்டு வாங்கி வச்சுக்கோணுமுங்க.