கேகாலை ஜிம்மும் என் முதுகும்

ஜிம்முல சேரப்போறேன், எது நல்லதுன்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வரும். மெஷின் எத்தனை இருக்கு, ஏசி இருக்கா, கண்ணாடி பெருசான்னு பாத்துட்டு வந்துதான் கேப்பாங்க. அட, இரும்பு எங்க போனாலும் இரும்புதானே! சொல்லிக்குடுக்குற ஆளைப் பாருங்கன்னு சொல்லுவேன். காசை வாங்குறதுக்கு முந்தி உங்களப் பத்தி ஏதாவது கேக்குறாரா? கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் நிக்கிறாரா? சும்மா சொல்லல. முதுகைக் குடுத்துப் படிச்சது இது.

ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீட்டுல, வளந்தவன் நான். மரத்துல பால் வெட்டப் போகவே மாட்டேன்னு அடம்பிடிச்சுக் கேகாலை டவுனுக்கு வந்து, தமிழ் மொதலாளி ஒருத்தரோட மொத்தக் கடையில சேந்தேன். லொறியில வர்ற அரிசி, பருப்பு, சீனி மூட்டைகளை இறக்கி அடுக்குறதுதான் வேலை. கடைக்குப் பின்னால ஒரு ரூம். வேலை இருக்கிற வரைக்குந்தான் ரூமும்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு, சண்டை ஓயாத காலம் அது. சிங்கள டவுன்ல தமிழ்ல சத்தமாப் பேசவே யோசிப்போம். எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு, ஆனா பேசத்தான் ஆளில்ல. ஞாயித்துக்கிழமை கடை மூடினா, நாள் முழுக்க வாயைத் திறக்காமலே பொழுது போயிரும். மத்த நாள்ல மொதலாளி பேசுறதும் 'அதை எடு, இதை வை'தான். சில நேரம் மூட்டை மேல உக்காந்து, நான் செத்துக் கிடந்தா எப்பத் தெரியும் இவங்களுக்குன்னு நினைப்பேன். லொறி வந்தாத்தான் தெரியும்.

அந்தத் தனிமை தாங்காமத்தான் ஜிம்முக்குப் போனேன். உடம்பை ஏத்தணும்னு வெளியில சொல்லிக்கிட்டாலும், நாலு பேர் இருக்கிற எடத்துல கொஞ்ச நேரம் இருக்கணும், அவ்வளவுதான். முதல்ல சேந்தது பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு மாடியில. நாலு சுவத்துலயும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கிறேன். மாஸ்டர் மேசையில உக்காந்து பேப்பர் படிப்பார். ஒரு நாள் பக்கத்துல ஒரு தடியன் கம்பியைத் தரையில இருந்து தூக்கினான். மூட்டை தூக்குறவனுக்கு இதெல்லாம் ஒரு விசயமான்னு நானும் தூக்கினேன். இடுப்புக்கு மேல சுளீர்னுச்சு. கம்பியைப் பொத்துன்னு போட்டுட்டேன். மாஸ்டர் பேப்பருக்கு மேல தலையை நீட்டி, "ஓய், தரை உடையும்!"னார். தரையாம் தரை!

மறுநாள் காலையில குனிஞ்சு செருப்பு மாட்டவே முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டு மூட்டை சுமந்தேன். முதுகு போனா வேலை போச்சு, வேலை போனா ரூமும் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லயத்துக்குத் திரும்புறது? அந்தப் பயத்துலயே ஒரு மாசம் ஓட்டினேன். என் நடையப் பாத்துட்டு லொறி டிரைவர்தான் சொன்னார், டயர் கடைக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டகையில ஜிம் நடத்துற ஒரு சேர் இருக்கார், போய்ப் பாருன்னு.

சேர் நரைச்ச தலை, கட்டை உடம்பு. முன்ன பாரம் தூக்குற போட்டிக்கெல்லாம் போனவராம். காசைப் பத்திப் பேசவே இல்ல. என்ன வேலை, எதுல படுக்கிறே, மூட்டையை எந்தத் தோள்ல வைக்கிறேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். என்னை 'மல்லி'ன்னு கூப்பிட்டார், தம்பின்னு அர்த்தம். எல்லாரையுந்தான் அப்படிக் கூப்பிடுவாங்க, ஆனாலும் எனக்கு என்னமோ பண்ணிச்சு. ஒரு மண் மூட்டையத் தோள்ல ஏத்திவிட்டு நடக்கச் சொன்னார். என்னைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தார். அப்புறம் இரும்பைத் தொடவிடல. வெளக்குமாத்துக் கம்பைக் கையில குடுத்துக் குனிஞ்சு நிமிரச் சொன்னார். "வலிக்குதா?"ன்னார்.

"இல்ல சேர்"னேன்.

எங்க தோட்டத்துப் பழக்கம் அது. காலையில பெரட்டுல, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு சொன்னா கங்காணி அடுத்த ஆளைப் பாத்துருவார். அன்னைக்கு நமக்குப் பேர் விழாது. பேர் இல்லன்னா சம்பளம் இல்ல. காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே "ஒண்ணுமில்லங்க"ன்னு சொல்லிட்டு வாளியத் தூக்கிட்டுப் போவாங்க எங்கம்மா. அதைப் பாத்து வளந்தவன் வேற என்ன சொல்லுவான்?

சேர் குனிஞ்சு என் காலைப் பாத்தார். "வாய் இல்லங்குது, கால் விரல் தரையப் புடிக்குது. பொய் சொல்றவனுக்கு என்னால சொல்லிக்குடுக்க முடியாது, வீட்டுக்குப் போ"ன்னார். எனக்கு வந்துச்சே கோபம்! இவர் யாரு என்னைப் பொய்யன்னு சொல்லன்னு பொருமிக்கிட்டே ரூமுக்கு வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு, வேற போக்கிடம் இல்லாம, திரும்பப் போனேன். கம்பைக் கையில வாங்கினேன். அவர் கேக்குறதுக்கு முந்தியே, "வலிக்குது சேர், ரொம்ப வலிக்குது"ன்னேன். கண்ணு கலங்கிருச்சு. சீச்சீ, அத்தனை பேர் முன்னால! சேர் முதுகைத் தடவி, எங்கன்னு கேட்டுக் கேட்டு அமுக்கிப் பாத்தார். டவுனுக்கு வந்ததுல இருந்து ஒரு மனுசக் கை என் மேல பட்டது அன்னைக்குத்தான்.

"ஒரு மாசத்துக்கு மூட்டை தொடாதே. முதுகு சரியாயிரும். உன் மொதலாளிகிட்ட என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு"ன்னார்.

சொன்னேன். மொதலாளி கத்தல, திட்டல. டீ வாங்கிக் குடுத்தார். "பாவம் தம்பி, முதுகு முக்கியமில்லையா, ஊருக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடு"ன்னார். அடடா, இந்த மனுசனுக்கா பயந்தோம்னு டீயை ஊதிக் குடிச்சேன். நாளைக்கு வேற ஆள் வர்றான், சாமானை எல்லாம் எடுத்துக்கன்னு அதே மெதுவான குரல்ல சொன்னப்பத்தான் உறைச்சுச்சு.

பையைத் தூக்கிக்கிட்டு நேரா ஜிம்முக்குப் போனேன். நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன், இப்ப என் நிலைமையப் பாருங்கன்னு சேரை நாலு வார்த்தை கேட்டுரணும். வழியெல்லாம் சிங்களத்துல கோத்துக்கிட்டே நடந்தேன். பையை வாசல்ல வச்சுட்டு உள்ள போனா, புதுசா நாலஞ்சு பேர் சேந்திருக்காங்க. ஒருத்தன் கம்பியைத் தோள்ல வச்சுக் குந்துறான், முழங்கால் ரெண்டும் உள்ள சாயுது. சேர் அவன் முன்னால மண்டி போட்டு அந்தக் காலையே பாத்துக்கிட்டிருந்தார்.

"சேர்"னேன்.

"மல்லியா? மொதலாளிகிட்டச் சொன்னியா?" திரும்பாமலே கேட்டார்.

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

வாசல்ல இருந்த பையைத் திரும்பிப் பாத்தேன்.

"சரின்னுட்டார் சேர்."

"பாத்தியா! நாளைக்குக் காலையில வந்துரு."

"சரி சேர்"னேன். அவன் முழங்கால்ல இருந்து அவர் கண்ணை எடுக்கல. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். அப்புறம் வாசல்ல இருந்த பையை எடுத்துக்கிட்டு ருவான்வெல்லை பஸ்ஸுக்கு நடந்தேன்.