ஆறு கிலோவிலேயே நின்ற பிள்ளை

அக்கா மகளின் எடை மூன்று மாதமாக ஆறு கிலோவைத் தாண்டவே இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். அக்கா கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா மாதம் ஒருமுறை எல்லாரையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவார். கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் சும்மா இருப்பேனா? எடையை ஃபோனில் தட்டினால் வளர்ச்சிக் கோடு தானாக வரும்படி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்கா பிள்ளையின் கோடு படுக்கையாகவே போய்ச் சிவப்பானது. மருத்துவிச்சி கூப்பிட்டு விசாரித்தார். தாய்க்குப் பால் போதவில்லை என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. அக்கா தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின் பாலுக்கு மாறிவிட்டாள். இதெல்லாம் நான் லீவில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நேரே போய்க் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 6-100, 6-500, 6-900. கிலோ, ஒரு கோடு, கிராம். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது! அந்த அம்மா ஃபோனிலும் அப்படியே தட்டியிருக்கிறார். தட்டுவது கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்துதான். அதைத் தசம எண்ணாக மாற்ற நான் போட்டிருந்த கட்டளை இடமிருந்து படித்துக்கொண்டே வரும். புரியாத குறி வந்தால் அதிலிருந்து மிச்சத்தை எறிந்துவிட்டு, கையில் இருப்பதைக் கொடுத்துவிடும். மூன்று மாதமும் ஆறு, ஆறு, ஆறு. சனியன், புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

ஏன் புள்ளி வைக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"இந்த ஈரத்துல புள்ளி எது, கறை எதுன்னு தெரியுமா தம்பி? கோடு போட்டா அழியாது. இங்க எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறோம்."

உண்மைதான். நானும் இங்கே அப்படி எழுதி வளர்ந்தவன். ஆனால் புரோகிராமைச் சோதித்தபோது புள்ளி வைத்த எண்களை மட்டுமே போட்டுப் பார்த்தேன். எனக்கு நானே பரீட்சை வைத்து, நானே நூறு மார்க்கும் போட்டுக்கொண்டேன். வெட்கக்கேடு.

திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோடு அழகாக மேலே ஏறியது. ஃபோனைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் போத்தலில் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"புள்ள பாரமாகுதுன்னு எனக்கு இடுப்புலயே தெரிஞ்சிச்சு," என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்துமா பாலை நிறுத்தினாய் என்று கத்திவிட்டேன்.

அவள் போத்தலைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ செஞ்சதாச்சே, தப்பா சொல்லுமான்னு நெனச்சேன்."