தாழிக்குள் மூன்றாவது சரணம்

இது நடந்தது. பட்டப்பகலில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். பல வருடமாக, திராட்சைக்குப் பேர்போன எங்கள் ககேத்தி மலைப்பக்கம் ஆட்களை ஒயின் சுற்றுலா கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு ஒயின் கூடத்திலும் ஒரு ஆவிக் கதை வைத்திருப்பார்கள். இரண்டாவது கோப்பைக்கு மேல்தான் அந்த ஆவி எழுந்து வரும். நானே நாலைந்து ஆவிகளைக் கட்டிவிட்டிருக்கிறேன். இது நான் கட்டியது இல்லை.

என் பெயர் தம்தா. எங்கள் வண்டியை ஓட்டுவது என் தம்பி அன்சோர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் அவன் ஒருவன்தான். வாய் ஓயாதவன். வண்டியைக் கிளப்பினால் பாட்டையும் கிளப்புவான். நல்ல குரல். ஆனால் எந்தப் பாட்டை எடுத்தாலும் இரண்டு சரணம்தான் தெரியும். மூன்றாவதில் 'லா லா' என்று இழுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான்.

அன்றைக்கு எங்கள் வண்டியில் குத்தாயிசி நகரத்துப் பள்ளி ஆசிரியர்கள். அக்டோபர் மாதம், அறுவடை மும்முரமாக இருந்தது. கோம்போரி மலைப்பாதையில் ஏறும்போதே அன்சோர் ஆரம்பித்துவிட்டான். பின்சீட்டில் ரெசோ என்று ஒரு உடற்பயிற்சி வாத்தியார், ஆள் அலமாரி மாதிரி இருப்பார்.

"தம்பி, மூணாவது சரணம் எங்கப்பா?"

"அது இறக்கத்துலதான் வரும் சார். இப்ப மேடு."

வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

முதல் இரண்டு கூடங்களில் ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் குடித்தார்கள், எல்லோரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம், படம் எடுத்தோம். மூன்று மணிக்கு நுக்சார் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் மேட்டில் அவர் வீடு. பின்னால் தாழிக் கூடம். ஒயின் பொங்கவைக்கும் மண்தாழிகள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருக்கும். வாய் மட்டும் தரை மட்டத்தில் திறந்திருக்கும். ஆளை விழுங்கும் ஆழம்.

"இந்த வருஷம் திராட்சை கொட்டிக் கெடக்கு தம்தா. இருக்கற தாழி பத்தல. அந்தச் சுவரோரத் தாழியையும் தெறந்துட்டேன், இன்னைக்கு அதக் கழுவணும்" என்றார் நுக்சார்.

அந்தத் தாழி திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. அதன் மேல் எப்போதும் ஒரு கல்மூடியும், மூடியின் மேல் மண்ணும் கிடக்கும். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அவர் மனைவி லமாரா அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. வந்தவர்களை வாய் நிறைய வரவேற்கும் அக்கா அன்று என்னிடம்கூட முகம் கொடுக்கவில்லை.

தாழியைக் கழுவ ஆள்தான் உள்ளே இறங்க வேண்டும். செர்ரி மரப்பட்டைகளை அடுக்கிக் கழியில் கட்டிய தேய்ப்பானால் சுவரைத் தேய்க்க வேண்டும். இறங்குபவன் பாடிக்கொண்டே தேய்ப்பான். மேலே இருப்பவர்கள் 'ஓ…' என்று அடிக்குரலை இழுத்துக் கொடுப்பார்கள். இது கேளிக்கை இல்லை. பக்கத்துத் தாழிகளில் பொங்கும் திராட்சையிலிருந்து ஒரு வாயு வரும். அதற்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் இறங்கும். அதற்குள் தீயும் எரியாது, மனிதனும் மூச்சுவிட முடியாது. பாட்டு கேட்கிறவரை ஆள் உயிரோடு இருக்கிறான். பாட்டு நின்றால் கயிற்றை இழு. அவ்வளவுதான் சட்டம்.

நுக்சார் வழக்கமாகத் தானே இறங்குவார். அன்று தன் தோளைத் தட்டிக் காட்டினார். "ஒடம்பு ஊதிட்டேன். தாழி வாய்க்குள்ள போக மாட்டேன்."

"நான் போறேன்!" அன்சோர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"வேணாண்டா" என்றேன்.

"அக்கா, ஒரு தடவை. வாத்தியாருங்க பாக்கட்டும்."

"பாட்டு ரெண்டு சரணத்துல முடிஞ்சிருமே, அப்புறம் என்ன பண்ணுவ?" என்றார் ரெசோ.

"திரும்ப மொதல்லேர்ந்து பாடுவேன் சார்!"

நுக்சார் மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். சுடர் ஆடாமல் எரிந்தது. காற்று நன்றாக இருந்தது. அன்சோரின் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டினோம். முடிச்சை நானே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஏணியில் இறங்கினான். ஏணியை மேலே எடுத்தோம். அப்போது மணி மூன்று இருபது.

சரக்… சரக்… சரக்…

தேய்க்கும் சத்தத்தோடு பாட்டு எழுந்தது. எங்கள் பக்கத்து விருந்துப் பாட்டு. முதல் சரணத்தில் வீட்டுக்காரன் விருந்தாளியை வாசலில் கூப்பிடுவான். இரண்டாவதில் கோப்பையை நிரப்பச் சொல்லுவான். மண்ணுக்குள்ளிருந்து வந்த குரல் நெஞ்சில் மோதியது. நாங்கள் எல்லோரும் அடிக்குரல் கொடுத்தோம். ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இரண்டாவது சரணம் ஓடும்போது நுக்சார் எழுந்தார். பக்கத்துத் தாழியின் மூடியை நகர்த்தி, பொங்கும் திராட்சையை நீளக் கழியால் குத்திக் கிளறிக் காட்டினார். 'புஸ்ஸ்…' என்று நுரை எழும்பியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே ஆள் இருக்கும்போது அப்படிக் கிளறக்கூடாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுதான் ஓடுகிறதே என்று இருந்துவிட்டோம்.

கிளறி முடித்து அவர் திரும்பி வந்து தாழி வாயருகே மண்டியிட்டார். பாட்டு தொடர்ந்தது.

'மேசையில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது…'

நான் சிரித்தேன். பரவாயில்லையே, மூன்றாவது சரணம்கூட வருகிறதே என்று நினைத்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது.

அவனுக்கு மூன்றாவது சரணம் தெரியாது.

காதைத் தீட்டிக் கேட்டேன். குரல் அவனுடையது மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்சோர் அடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்குவான். இந்தக் குரல் மூச்சே வாங்கவில்லை. அடி முடிந்ததும் அடுத்த அடி… அடுத்த அடி…

இன்னொன்றும் குறைந்தது. என்ன என்று உடனே பிடிபடவில்லை.

சரக் சத்தம்.

தேய்ப்பது நின்றிருந்தது. எப்போது நின்றது?

"அன்சோர்!"

பாட்டு நிற்கவில்லை.

"டேய் அன்சோர்! தேய்டா!"

'…இன்னும் ஒரு இடம் இருக்கிறது…'

ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அடிக்குரலை நிறுத்தினார்கள். நுக்சார் மட்டும் நிறுத்தவில்லை. கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் நீர் வழிந்தது.

"அண்ணே, கயித்த இழுங்க!"

அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன். கம்பியை உள்ளே விட்டேன். தாழியின் கழுத்தைத் தாண்டவில்லை.

அணைந்தது.

மறுபடி பற்றவைத்தேன். அணைந்தது.

தீ எரியாத இடத்தில் மனிதன் பாட முடியாது.

பாட்டு வந்துகொண்டே இருந்தது…

"சார்! இழுங்க சார்!" என்று கத்தினேன்.

ரெசோ ஒரே எட்டில் வந்து கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன். இழுத்தோம். அசையவில்லை. அன்சோர் ஒல்லியானவன். அந்த அலமாரி மனிதர் ஒற்றைக் கையாலேயே தூக்கிவிடுவார்.

"என்னம்மா இது… ரெண்டு ஆள் கனம் கனக்குது!"

மறுபடி இழுத்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தோம். சட்டென்று கனம் பாதியானது. நான் மல்லாக்க விழுந்தேன்.

முதலில் தலை வந்தது. தொங்கிய தலை. உதடு நீலம். வாய் இறுக மூடியிருந்தது.

அவன் வாய் மூடியிருந்தது. பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

அவனை வெளியே தூக்கி ஓடினோம். வால்நட் மரத்தடியில் கிடத்தி ரெசோ வாயோடு வாய் வைத்து ஊதினார். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ வேண்டினேன். எடுத்துக்கொள்ளாதே, இவனை விட்டுவிடு, வேறு யாரும் இல்லை எனக்கு… யாரிடம் வேண்டினேன் என்று தெரியாது.

கூடத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. இரண்டு குரல். தாழிக்குள் ஒன்று. தாழி வாயில் நுக்சாரின் அடிக்குரல்.

லமாரா அக்கா அப்போதுதான் உள்ளே ஓடினாள்.

"போதும்யா! மூடுய்யா அத!"

"இரு லமாரா. நிறுத்தாத. இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு."

கல்மூடி தரையில் உரசும் சத்தம். கர்ர்ர்… டொம்.

அதே நொடியில் அன்சோர் இருமினான்.

மணி மூன்று முப்பத்தொன்று.

அவனைத் தெலாவி மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தான். மூளைக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். நான் அழுது தீர்த்தேன். பாட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர்களும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ரெசோ என் கையைப் பிடித்து, "நாம எல்லாரும் கொஞ்சம் குடிச்சிருந்தோம், இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் சார் என்றேன். நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வேலை நேரத்தில் நான் குடிப்பதே இல்லை.

அடுத்த வாரம் லமாரா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடை நிறையத் திராட்சை. உட்காரவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அந்தத் தாழியிலதான் எங்க கொழுந்தன் ஜும்பேர் போனான். ஒம்போது வருஷம் ஆச்சு."

"கேள்விப்பட்டதே இல்லையேக்கா."

"நாங்க பேசறதில்ல. என் வீட்டுக்காரர் மேல உக்காந்து அடிக்குரல் கொடுத்துக்கிட்டு இருந்தாரு. உள்ள பாட்டு ஓடுது. முடிஞ்சதும் கூப்பிட்டாரு. பதில் இல்ல. இழுத்துப் பாத்தா உடம்பு சில்லுனு இருந்துச்சு. உசுரு போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னாரு டாக்டர்."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை.

"அந்த ஒரு மணி நேரமும் பாட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நானும் கேட்டேன். அவரு அது தம்பிதான்னு நெனைக்கிறாரு. தம்பி கொரலக் கேக்கத்தான் மறுபடி தெறந்தாரோ என்னமோ." அவள் தலைத்துணி முனையை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஆனா ஜும்பேருக்கு அந்த மூணாவது சரணம் தெரியாது தம்தா. யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டுக்கு ரெண்டே சரணம்தான்."

அன்று மாலை அன்சோரிடம் கேட்டேன். அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை.

"உள்ள மயக்கம் வந்துதான் பாட்டை நிறுத்தினியா?"

"இல்லக்கா. மயக்கம் அப்புறந்தான் வந்துச்சு."

"பின்ன?"

எங்கள் ஊரில் விருந்துப் பாட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. சொல்லைப் பாடுபவர் ஒருவர்தான். அவர் களைத்தால் பக்கத்திலிருப்பவர் முதுகில் மெல்லத் தட்டி வாங்கிக்கொள்வார். தட்டிவிட்டால் முன்னவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருவர் சேர்ந்து சொல்லைப் பாடினால் அது சண்டைக்கு நிற்பது மாதிரி. குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அன்சோர் வெகு இயல்பாகச் சொன்னான். "பின்னாலேர்ந்து யாரோ முதுகைத் தட்டினாங்க. பாட்டைக் கொடுத்துட்டேன்."

அந்தத் தாழிக்குள் ஒருவன் திரும்பி நிற்கத்தான் இடம் இருக்கும்.

அதற்குப் பிறகு அன்சோர் பாடவில்லை. வண்டியில் ஏறினால் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான். வாயாடியாக இருந்தவன் அப்படி இருப்பது எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது பாடேன்டா என்று கெஞ்சியிருக்கிறேன். எங்கிட்ட இல்லக்கா, கொடுத்துட்டேனே என்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அன்சோர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தேய்க்கும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. சரக்… சரக்… கூடவே பாட்டும் எழுந்தது. வீட்டுக்காரன் விருந்தாளியைக் கூப்பிடுகிறான். கோப்பையை நிரப்பச் சொல்கிறான்.

என் தம்பி பாடுகிறான்! அழுகை வந்துவிட்டது. மாவுக் கையோடு நின்றபடியே நானும் 'ஓ…' என்று அடிக்குரல் கொடுத்தேன். எத்தனை நாளாகிவிட்டது…

எவ்வளவு நேரம் கொடுத்தேன் என்று தெரியாது.

தேய்க்கும் சத்தம் இல்லை.

'மேசையில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது…'

ஓடினேன்.

அன்சோர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் பிரஷ். நுரைத் தண்ணீர் அவன் காலடியில் சொட்டியது. வாய் மூடியிருந்தது.

வண்டியின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. பாட்டு உள்ளேயிருந்து வந்தது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணில் நீர். முகத்தில் கோபம்.

"ஏன்க்கா நிறுத்தின? இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு."