மச்சான் சக்கரமும் என் வயிற்றெரிச்சலும்

நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டே இதை எழுதுகிறேன்.

நானும் என் மனைவியின் தம்பியான மச்சானும் 1991-இல் ஒரே நாளில் மோட்டார் சைக்கிள் வாங்கினோம். போன வாரம் அவன் முன்சக்கர பேரிங் மாற்றினான். காலையில் சக்கரத்தைத் தட்டிவிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தும் சத்தமில்லாமல் சுற்றுகிறது.

என் சக்கரத்தின் கூச்சலை ஷிப்ட் முடிந்த சங்கு என்று நினைத்து, ஒரகடத்தில் மூன்று கம்பெனி பஸ்கள் பாதி வழியிலேயே ஆட்களை இறக்கிவிட்டன.

“வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நான் தம்பி வண்டியிலயே போறேன்” என்றாள் மனைவி.

பற்றிக்கொண்டு வந்தது. இன்று நானே பேரிங் மாற்றினேன். அச்சை முறுக்கியதும் சக்கரம் அசையவே இல்லை.

மச்சான் வந்து பார்த்தான். “இன்னா மாமா, ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழாய் வருமே, எங்க அது? அது இல்லாம முறுக்கினா பேரிங் இறுகிக்கும்.”

தேடினால் பூஜை அறையில், முருகன் படத்துக்கு முன்னால், ஊதுபத்தி செருகி நிற்கிறது!

“அம்சமா நின்னுச்சி, வெச்சிக்கினேன். சாமிக்கு வெச்சத எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தம்பி வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

இதில் ஊதுபத்திக் குழாய் மட்டும் நிஜம். முருகனிடமிருந்து குழாயை எப்படித் திரும்பக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மச்சானுக்குத் தெரியாமல்.