கருப்பசாமிகளின் பெண்சாதிகள்

ஊர் விழா மலரில் ‘ஒரே பெயர், பல பெருமை’ என்று கட்டுரை எழுதியவர் எங்களை முட்டாள்களாக்கிவிட்டார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன வாரம் பேரன் அந்த மலரைக் கொண்டுவந்து மடியில் போட்டான். வழவழவென்று தாள், மூக்கில் ஏறுகிற மை வாசம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கத்திலும் அந்த நாளில் பேர்பெற்ற கருப்பசாமிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார். பஸ் முதலாளி கருப்பசாமி, பஞ்சு ஜின் வைத்திருந்த கருப்பசாமி, டாக்டர் கருப்பசாமி, கருப்பசாமி வாசகசாலை. அதுவரை சரிதான். கடைசிப் பத்தியில், தந்திக் கம்பி அறுந்தபோது போலீஸ் விசாரித்ததாகவும், கருப்பசாமிகளின் மனைவிமார் புருஷன் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் விழித்ததாகவும், அது அக்காலப் பெண்களின் அறியாமை என்றும் எழுதியிருக்கிறார். அப்படி விழித்தவர்களில் நானும் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் பெயர் கருப்பசாமி. எழுதிவிட்டேன், கை ஒன்றும் விழுந்துவிடவில்லை. ஆனால் அவர் இருந்தவரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு எந்தப் பெண்சாதியும் சொல்லமாட்டாள்.

திருச்சுழி ரோட்டில் கண்மாய்க் கரையில் அந்தச் சாமி அரிவாளோடு நிற்கிறது. மழை பெய்தாலும் அதற்கு நேர்ச்சை, பெய்யாவிட்டாலும் நேர்ச்சை. பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதன் பெயர். அவர்களில் யாராவது முதலாளியானால் பஸ்ஸுக்கும் மில்லுக்கும் அதே பெயர். இப்படி இருக்கிற ஊரில் நான் எதைச் சொல்ல? பஸ்ஸைச் சொல்ல முடியாது, டாக்டரைச் சொல்ல முடியாது. சாமியையே ‘கரைக்காரரே’ என்றுதான் கும்பிட்டேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கருப்பட்டி வாங்கப் போனால் இன்னும் மோசம்.

“கட்டி குடுங்கண்ணே.”

“எந்தக் கட்டித்தா? சூடக் கட்டியா?”

“காப்பிக்குப் போடுற கட்டி.”

“ஓ, நம்ம டிரைவரு பேருல பாதி இருக்கே, அதா?” கடையே சிரிக்கும். நானும்தான் சிரிப்பேன்.

டிரைவர் என்றது என் வீட்டுக்காரரை. மலரின் மை வாசம் என்னை நேரே அவர் சட்டைக்குக் கொண்டுபோனது. உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். மேட்டில் மூச்சுவாங்கி நின்றுவிட்டால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அவர் வீட்டுக்கு வந்தால் கரியும் மசகும் கலந்து ஒரு வாசம். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. பஸ் நிலையத்தில் போய், “அவுக வண்டி எப்ப வரும்?” என்று நான் கேட்டால் கண்டக்டர் விடமாட்டான். “எந்த அவுக மதினி? ஓனரா, டிரைவரா? ரெண்டு பேரும் அவுகதான.”

வெள்ளைக்காரன் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட வருஷம் அது. பந்தல்குடி ரோட்டில் தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். யாரென்று எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். காப்பிக் கிளப்பில் மாஸ்டராக இருந்த கருப்பசாமி. அறுத்த கையோடு ஊரைவிட்டுப் போய்விட்டான். அவன் பெண்சாதி ராக்கு நிறைசூலி. எனக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவனைப் பிடித்தால் தோலை உரித்துத்தான் ஜெயிலுக்கு அனுப்புவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதிது. அவருக்குத் துப்புச் சொன்னவன் கருப்பசாமி என்ற பெயரை மட்டும் சொல்லியிருக்கிறான். பெரிய கருப்பசாமிகளைத் தொட அவருக்குத் துணிச்சல் இல்லை. சின்னக் கருப்பசாமிகளைப் பிடித்துவந்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர், ஜின்னில் பிட்டராக இருந்தவர், சிலம்ப வாத்தியார், அப்புறம் யோவான் கருப்பசாமி. இவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து யோவான் ஆனவர். ஊர்தான் பழைய பெயரை விடவில்லை. ஒரு கருப்பசாமி குறைகிறான் என்று இன்ஸ்பெக்டருக்குத் தகவல் வந்தது. உடனே ஒரு யோசனை செய்தார். பெண்சாதிகளைக் கூட்டிவந்து அவரவர் புருஷன் பக்கத்தில் நிற்கவிட்டால், எவள் தனியாக நிற்கிறாளோ அவள் புருஷன்தான் ஆள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ராக்கு நின்றுவிட்டாள். யோவான் பெண்சாதி எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாக் கேட்டுக்கங்க. நம்மள்ல ஒருத்திக்கும் புருசன் ஊர்ல இல்ல.”

“ஆத்தாடி, இவுக அங்கன நிப்பாகளே” என்றேன்.

“நின்னா நிக்கட்டும். நீ பாக்காத.”

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

“உன் புருஷன் பேரென்ன?”

“சொல்லக் கூடாதுங்க.”

“சரி, இதில் யாரு? கையைக் காட்டு.”

“அவுக ஊருக்குப் போயிருக்காக.”

என் வீட்டுக்காரர் எட்டித் தொடுகிற தூரத்தில் நிற்கிறார். காலையில் நான் ஊற்றிக் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு வந்த மனுஷர். வாயைப் பிளந்துவிட்டார்.

“அப்போ இவன் யாரு?”

“அடுத்த ஆம்பள மொகத்த நான் ஏறிட்டுப் பாக்கிறதில்லீங்க.”

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். “ஏய், இவ உன் பெண்டாட்டியா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. “எங்கனயோ பாத்த மாதிரி இருக்குங்கய்யா. நம்ம பஸ்ஸுல வந்திருப்பாக.”

அடுத்து எஸ்தர். “நீ வேதக்காரிதானே? உங்களுக்கு ஏது இந்த வழக்கம்?”

“வேதந்தான் மாறுச்சு, ஊரு மாறலீங்களே. அவுக ஊருக்குப் போயிருக்காக.”

மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். கடைசியாக ராக்குவும் சொன்னாள். அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். எங்கள் பொய்களுக்கு நடுவே அது அடையாளம் தெரியாமல் போய்விட்டது. பெயரைச் சொல்லாதவள் எல்லாம் உள்ளே போவாள் என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். உள்ளே போகத் தயாராகத்தான் ஸ்டேஷன் முற்றத்து மணலில் உட்கார்ந்தோம். உச்சி வெயில். யாரும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் பஸ் முதலாளி வந்தார். அடுப்பு பற்றவைத்தபடியே வண்டி நிற்கிறது, டிரைவரை விடுங்கள் என்றார். ஜின்காரர் தன் பிட்டரைக் கேட்டு வந்தார். சூலியை வெயிலில் உட்காரவைத்தால் நான் எழுதி மேலே அனுப்புவேன் என்று டாக்டர் வந்தார். பெயரைக் கேட்டால் மூன்று பேரும் கருப்பசாமி என்கிறார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றிவிட்டது. இவர்களுக்கு நாற்காலி போடச் சொல்ல ஏட்டையாவை, “கருப்பசாமி!” என்று கூப்பிட்டார்.

முற்றம் முழுக்க “ஐயா” என்றது.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. எல்லாரையும் போகச் சொன்னார். ஏட்டையா எங்கள் ஊர்க்காரர். யார் பெண்சாதி யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் நின்றவர், வாசலில் ராக்குவிடம் மட்டும், “ஊருக்குப் போனவன அங்கனயே இருக்கச் சொல்லுத்தா” என்றார். அவன் சண்டை முடிந்து பத்திரமாகத் திரும்பிவந்தான். அதற்குள் மகன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மகனுக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பஸ் கம்பெனி இல்லை. ஜின் இருந்த இடம் கல்யாண மண்டபம், டாக்டர் வீடு லாட்ஜு, வாசகசாலை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தெருவில் தேடினாலும் கருப்பசாமி என்று ஒரு பிள்ளை கிடையாது. பேரன் பெண்சாதி அவனை ‘டேய்’ என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வழக்கம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ராக்கு உயிரோடு இருக்கிறாள். அவள் பேத்திகள் மலரைப் படித்துவிட்டு, “ஒனக்குத் தாத்தா பேரே தெரியாதா பாட்டி?” என்று சிரித்திருக்கிறார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். என் கோபம் இதற்குத்தான்.

கட்டுரை எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார்? மலர் வெளியிட்ட அதே மேடையில் ஏறட்டும். ராக்குவை நான் முன்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைக்கிறேன். மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: அன்றைக்கு அந்த முற்றத்தில் ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றது நாங்களா, இன்ஸ்பெக்டரா?