பின்பக்கத்தில் எழுதியது

தெருவே அவனை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கண் சிவந்து யார் வந்தாலும் ஒரே சொட்டுமருந்துதான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை உருவி, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று முத்துமுத்தாக எழுதிக் கொடுப்பான். அச்சடித்த பக்கத்தைப் படிக்க அவனுக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

தங்கை புருஷன் வெல்டர். கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தால் ஒரு கை அதற்கே போய்விடுமே என்று, கண்ணை இடுக்கிக்கொண்டே பற்றவைக்கிற பட்டறை அது. அங்கே கண்ணாடி பிடிக்கிறவன் பயந்தாங்கொள்ளி. சாயங்காலம் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். நேரே கடைக்கு வருவார்.

“டாக்டரே, நம்ம சொட்டு!”

“கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வரலாமே மாப்பிள்ளை?” என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறான்.

“நீ இருக்கறப்போ எனக்கு அங்க என்ன வேலை மச்சான்?”

அந்தப் பேச்சு இனித்தது. அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. இரண்டு வருஷம் சொட்டு ஓடியது.

அப்புறம் வெல்டர் நிலைப்படியில் தோளை இடிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். “தோளாலயே கதவைப் பத்தவைக்கிறீங்களா?” என்று முதலில் சிரித்தவனும் அவன்தான். பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் விழுந்து முழங்கை பெயர்ந்த பிறகுதான் கண்ணாஸ்பத்திரி. துணைக்கு அவனும் போனான்.

டாக்டரம்மா கருவியிலிருந்து முகத்தை எடுத்தார். “நரம்பு ரொம்பக் கெட்டிருக்கு. ஓரப் பார்வை போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். என்ன மருந்து போட்டீங்க?”

வெல்டர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா கையெழுத்தைப் பார்த்தார், தாளைத் திருப்பினார். பிறகு துணைக்கு வந்தவனிடமே கொடுத்தார். “அவருக்கு இப்போ எழுத்து மங்கலாத்தான் தெரியும், கண்ணைப் பாக்கறதுக்காகச் சொட்டு விட்டிருக்கு. நீங்க படிச்சுச் சொல்லுங்க. இந்த வரியிலேருந்து.”

படித்தான். டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் போடக்கூடாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடும். பார்வை நரம்பு… தாள் மெலிசு. அவனுடைய முத்தெழுத்தே இடம்வலம் மாறி அந்த வரிகளுக்குள் தெரிந்தது.

“யார் எழுதினது இது?”

வெல்டர் முந்திக்கொண்டார். “யாரோங்க. மூஞ்சி ஞாபகமில்ல.”

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான். இரண்டு மூச்சு நேரம் பேசாமல்தான் இருந்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசிப்போகிறது.

“நான்தாங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் வெல்டர், தரையைப் பார்த்தபடி. “உன் எழுத்துன்னுதானே தொலைக்காம வச்சிருந்தேன்.”

வெளியே தங்கை காத்திருந்தாள். “என்னண்ணே, நீ குடுத்த மருந்தையே எழுதியிருப்பாங்களே? வீணா ஒரு நாள் வேலை கெட்டுச்சு.”

“இல்லம்மா. நான் குடுத்ததாலதான் இங்க வரவேண்டியதாப்போச்சு.”

அவள் வேடிக்கை என்று சிரித்தாள். அவன் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, அதே வரியிலிருந்து அவளுக்கும் படிக்கத் தொடங்கினான்.